சைக்கிள் மேடை: கோட்டை கட்டியவன் சும்மா ஏற விடமாட்டான்

பிரான்ஸின் தென்மேற்கில் தோர்தோன் ஆறு வளைந்து வளைந்து ஓடும் சார்லா ஊர்ப் பக்கத்துக்குக் ‘கறுப்புப் பெரிகோர்’ என்று பெயர். ஓக் காட்டின் இருட்டால் வந்த பெயர் அது. அரை நாள் மிதித்தால் நாலு கோட்டைகளும் பாறையோடு ஒட்டிக் கட்டிய ஊர்களும் கண்ணில் பட்டுவிடும். அங்கே சைக்கிளில் சுற்றுவது பற்றிச் சேர்ந்துவிட்ட கேள்விகளை இந்த மாதம் மொத்தமாக எடுத்துக்கொண்டோம். விசா கேள்விகளை ஒதுக்கிவிட்டோம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நிற்காமல் ஏறிவிடுவேன். தோர்தோன் பக்கத்துக் குன்றுகள் முந்நூறு மீட்டர்கூட வராது என்கிறார்கள். இதற்குப் போய் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? (வாசகர், கோவை)

உயரத்தை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லைதான். கோத்தகிரிச் சாலை 33 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏறுகிறது. சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர். பஸ்ஸும் லாரியும் ஏற வேண்டும் என்று கொண்டை ஊசி போட்டு மெதுவாகத் தூக்கிக்கொண்டு போகும் சாலை அது. ஒரு கியரைப் பிடித்தால் மூன்று மணி நேரம் அதிலேயே போகலாம்.

பெரிகோரில் கணக்கு வேறு. தோம் என்ற ஊர் ஆற்றுக்கு மேலே சுமார் 150 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கீழே செனாக்கில் பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். நூற்றுக்கு எட்டு, பத்து, சில திருப்பங்களில் அதற்கும் மேல். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் இறங்கி மறுகரைக்குப் போனால் அடுத்த கோட்டை. எதிரி ஏறக்கூடாது என்று இடம் தேடிக் கட்டியவர்கள் சைக்கிள்காரருக்கு மட்டும் சலுகை தருவார்களா? கோத்தகிரி மாவரைக்கிற வேலை. இது உரலில் போட்டு இடிக்கிற வேலை.

நாள் கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு. சுமையோடு சமதளத்தில் மணிக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம் சேருங்கள். 50 கி.மீ., 700 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி எட்டு நிமிடத்தோடு எழுபது நிமிடம், ஆக நாலேகால் மணிக்குக் கொஞ்சம் மேல். இதில் கோட்டை பார்க்கிற நேரமோ சாப்பாட்டு நேரமோ சேரவில்லை. ‘ஐம்பது கி.மீ.தானே’ என்று பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் இருட்டில்தான் கூடாரம் அடிப்பார்கள். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மிஷலின் தாள் வரைபடம் ஒன்று வாங்குங்கள். சாலை மேல் சின்ன அம்புக் கொக்கிகள் இருக்கும். ஒரு கொக்கி என்றால் நூற்றுக்கு 5 முதல் 9 சரிவு. இரண்டு என்றால் 9 முதல் 13. மூன்று என்றால் 13-க்கு மேல். அம்பு காட்டும் பக்கம்தான் ஏற்றம். பலர் இதை இறக்கம் என்று தலைகீழாகப் படித்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ரோடு பைக். பல் கணக்கு முன்தட்டுகளில் 50/34, பின்னால் 11–28. சுமையோடு இது போதுமா? (வாசகர், பெங்களூரு)

போதாது. ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம்.

நீங்கள் 75 கிலோ, வண்டி 12, பைகள் 13. மொத்தம் 100 கிலோ. நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 10 மீட்டர் உயர்கிறீர்கள். அதற்கு மட்டுமே 163 வாட் வேண்டும், டயர் உராய்வுக்கு இன்னும் பத்து. சுமாராகப் பழகிய ஆளால் இதைத் தர முடியும்.

இப்போது பெடலைப் பாருங்கள். மணிக்கு 6 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், ஆக நிமிடத்துக்குச் சக்கரம் 48 சுற்று. உங்களுடைய மிகச் சிறிய கியர் 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21. எனவே கால் சுற்றுவது நிமிடத்துக்கு 39 முறைதான். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டையோடு ஏறுவது போல இருக்கும், முட்டி பிடித்துக்கொள்ளும். கால் 60 சுற்று சுற்றியே ஆகவேண்டும் என்றால் வேகம் மணிக்கு 9 கி.மீ.க்கு மேல் போகவேண்டும். அதற்கு 250 வாட்டைத் தாண்டும். பந்தய வீரருக்குச் சரி, விடுமுறைக்குப் போகிறவருக்கு ஆகாது.

தேவை 0.8 அல்லது அதற்கும் கீழே. பழைய மலை சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 32 இருந்தால் 0.69. டூரிங் வண்டியில் 26-க்கு 34 என்றால் 0.76. அடுக்குமாடி பார்க்கிங்கில் தூசி படிந்து கிடக்கும் மூன்று தட்டு ஹைபிரிட்தான் பெரும்பாலும் உங்கள் கார்பன் வண்டியைவிட இந்த நாட்டுக்குப் பொருத்தம். சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் உண்மை.

ரோடு பைக்கையே கொண்டுபோவதென்றால் பின் கேசட்டை, அதாவது பின்சக்கரப் பல்சக்கர அடுக்கை, 11–34 ஆக்குங்கள். 1.0 கிடைக்கும். சுமையை எட்டு கிலோவுக்குள் அடக்கினால் சமாளிக்கலாம். ஆனால் கேசட்டை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகமான டீரெய்லர் குட்டைக் கூண்டு என்றால் 34 பல்லை ஏற்காது. மேல் உருளை பெரிய பல்சக்கரத்தில் இடித்துக் கரகரவென்று சத்தம் போடும். நீளக் கூண்டு வேண்டும். செயினும் நீளமாக வேண்டும். டீரெய்லருக்குள் நுழைக்காமல் பெரிய முன்தட்டையும் பெரிய பின்தட்டையும் சுற்றி வையுங்கள். இரண்டு முனையும் சந்திக்கிற இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி சேர்த்து வெட்டுங்கள். பழைய நீளத்தையே விட்டுவைத்து, ஏற்றத்தில் பதற்றத்தோடு பெரிய முன்தட்டும் பெரிய பின்தட்டுமாக மாற்றினால் செயின் கயிறு போல் விறைத்து டீரெய்லரையும் அது மாட்டியிருக்கும் ஹேங்கரையும் சேர்த்துப் பிய்த்துவிடும். அந்த ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், கிராமத்துக் கடையில் கிடைக்காது. உங்கள் வண்டிக்கானது ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவுதான்.

வண்டியைச் சென்னையிலிருந்து விமானத்தில் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? (வாசகி, சென்னை)

ஒரு வாரத்துக்குள் என்றால் வாடகை. அதற்கு மேல் என்றால் சொந்த வண்டி. மின் உதவி வண்டி வேண்டுமென்றால் கேள்வியே இல்லை, அங்கேதான் எடுக்க வேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணி விமானத்தில் கொண்டுபோக முடியாது. அந்த வண்டிகளின் பேட்டரி 400, 500 என்றிருக்கும்.

வாடகை வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். நம் ஊரில் வலது கைப்பிடி முன் பிரேக். பிரான்ஸில் இடது கைப்பிடிதான் முன் பிரேக். பழக்கத்தில் ‘பின் பிரேக்’ என்று நினைத்து இடது கையை இறுக்கினால், இறக்கத்தில் ஆள் கைப்பிடியைத் தாண்டிப் போய் விழுவார். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு கைப்பிடியாக அழுத்தி எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். கடையில் சொன்னால் கம்பியை மாற்றிப் போட்டுத் தருவார்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் மாற்றுவது பெரிய வேலை, கையைத்தான் பழக்க வேண்டும்.

சொந்த வண்டி என்றால் சைக்கிள் கடையில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்த் திசையில் பலங்கொண்ட மட்டும் இறுக்கிவிட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். சீட்டுக் கம்பியை இறக்குமுன் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பின் டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். சக்கரம் கழன்ற முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே கட்டை ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி மேல் பெட்டி ஏறும்போது நெளியும். டிஸ்க் பிரேக் என்றால் பட்டைகளின் இடையில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று அவசியம். டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது கைப்பிடியை அழுத்தினால் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் உள்ளே நுழையாது.

அங்கே போய்ப் பாகங்களைத் திரும்ப மாட்டும்போது வரிசை முக்கியம். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மின் உச்சியில் இருக்கும் மேல்மூடி போல்ட்டை முதலில் இறுக்கி ஆட்டத்தைப் போக்கிவிட்டு, அதன் பிறகே ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகள். மாற்றிச் செய்தால் முதல் இறக்கத்திலேயே முன்பக்கம் டக் டக் என்று ஆடும்.

பாரிஸ் லா ஷப்பெல் பக்கம் இருக்கிறன். நாலு நாள் லீவு. வண்டியோட ரயிலில போய் வரலாமோ? (வாசகர், பாரிஸ்)

தாராளமாக. இரண்டு வழி உண்டு. மோன்பர்நாஸ் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் போர்தோ, அங்கிருந்து டி.இ.ஆர். வட்டார ரயிலில் பெர்ஜெராக் வழியாகச் சார்லா. டி.ஜி.வி.யில் முழு வண்டிக்கு எல்லா ரயிலிலும் இடம் கிடையாது, சக்கரத்தைக் கழற்றி 130-க்கு 90 செ.மீ. அளவுக்குள் அடங்கும் உறையில் போட வேண்டியிருக்கும். இன்னொன்று ஓஸ்தெர்லிட்ஸிலிருந்து துலூஸ் போகும் ரயிலில் சுய்யாக்கில் இறங்குவது. வண்டிக்கான இடத்தை டிக்கெட்டோடு சேர்த்தே பதிய வேண்டும்.

நம் ஓட்டு சுய்யாக்குக்குத்தான். அதற்குப் பக்கத்தில் கஸூலெஸ் ஊரிலிருந்து சார்லா வரை பழைய ரயில் தடத்தைத் தார் போட்டுச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். இருபது கி.மீ.க்கு மேல். நீராவி ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் சரிவு மிக மென்மை. இரும்புப் பாலத்தில் ஆற்றைக் கடந்து போகும். கால் சூடேற இதைவிட நல்ல முதல் நாள் கிடையாது. பாதையில் சாலை குறுக்கிடும் இடங்களில் மரத்தடுப்பு இருக்கும். பைகளின் அகலம் மறந்து புகுந்தால் ஒரு பை அங்கேயே தங்கிவிடும்.

சார்லாவில் புதனும் சனியும் சந்தை. பழைய ஊருக்குள் அன்றைக்கு உருட்டிக்கொண்டுதான் போக முடியும். இரண்டாம் நாள் பைகளை முகாமிலேயே வைத்துவிட்டு வெறும் வண்டியில் ஆற்றுச் சுற்று: தோம், லா ரோக் கஜாக், பேனாக், காஸ்தெல்னோ, திரும்பச் சார்லா. ஐம்பது கி.மீ. சுமார். முதலில் தோம், காலையில், கால் புதிதாக இருக்கும்போதே. காஸ்தெல்னோவை மாலைக்கு வைத்தால் கடைசி ஏற்றம் கண்ணீர் வரவழைக்கும், ஆனால் மேலே நின்று எதிர்க்கரைப் பேனாக் மேல் வெயில் சாய்வதைப் பார்க்கலாம். மூன்றாம் நாள் வெஸேர் ஆற்றுப் பக்கம், லேஸ் எய்ஸி வரை. சார்லாவிலிருந்து இருபது கி.மீ. சொச்சம். 1868-இல் குரோமாஞ்ஞோன் எனப்படும் ஆதி மனிதரின் எலும்புகள் கிடைத்த ஊர் அது. நாலாம் நாள் மதியம் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொலைவு போக ஆசைப்பட வேண்டாம்.

பேனாக், காஸ்தெல்னோ கோட்டைகள் இரண்டும் எதிரெதிரே இவ்வளவு கிட்ட ஏன் இருக்கின்றன? இரண்டும் ஏற வேண்டுமா, ஒன்று போதுமா? (வாசகி, மதுரை)

நூறாண்டுப் போரில் ஆறு எல்லை மாதிரி இருந்தது. வடகரைப் பேனாக் பிரெஞ்சு அரசன் பக்கம், தென்கரைக் காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒருவர் முற்றத்தை மற்றவர் எண்ணிவிடலாம் என்கிற தூரம். இதே ஆற்றில் மேற்கே காஸ்தியோனில் 1453-இல் நடந்த சண்டையோடு ஆங்கிலேயர் கதை அங்கே முடிந்தது.

இரண்டும் ஏறுங்கள். பேனாக்கில் கட்டடமே காட்சி. இருட்டறை, கல் படி, விளிம்பில் நின்றால் வயிறு கலங்கும் ஆழம். காஸ்தெல்னோவில் உள்ளே போர்க்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, முழு அளவில் செய்த கல் எறியும் பொறிகள் வெளியே நிற்கின்றன. குழந்தைகள் கூட வந்தால் ஒன்றே என்றால் காஸ்தெல்னோ.

பேனாக்கில் ஒரு எச்சரிக்கை. ஊருக்குள்ளேயே நேராக மேலே போகும் கல் பாவிய சந்து நடந்து போகிறவர்களுக்குத்தான். மழை நனைத்த சுண்ணாம்புக்கல் சோப்பு போல வழுக்கும், பை கட்டிய வண்டியை அதில் உருட்டுவதுகூடக் கஷ்டம். கோட்டைக்குப் பின்புறமாகச் சுற்றி வரும் தார்ச்சாலையைப் பிடியுங்கள். தூரம் கூடும், மூச்சு மிஞ்சும்.

இறக்கத்தில் பிரேக் சூடாகிறது, கீச்சென்று கத்துகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், திண்டுக்கல்)

100 கிலோவோடு 150 மீட்டர் இறங்கும்போது அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒன்றரை கி.மீ. இறங்கினால் ஏறத்தாழ 450 வாட் சூடு பிரேக்கில் இறங்குகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியில் பாதி. ரிம் பிரேக் என்றால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கலாம், டிஸ்க் என்றால் பட்டை கண்ணாடி போல் மழமழத்துப் பிடிமானம் போகும்.

நேர்ச் சாலையில் விடுங்கள், காற்றே ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். திருப்பத்துக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் விட்டுவிடுங்கள். மெல்லத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கெடுதல்.

கீச்சு பெரும்பாலும் எண்ணெய். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கில் பட்டிருக்கும், அல்லது விரலால் தொட்டிருப்பீர்கள். டிஸ்க்கைச் சுத்தமான ஸ்பிரிட்டால் துடையுங்கள், பட்டையை உப்புக் காகிதத்தில் லேசாகத் தேயுங்கள். எண்ணெய் ஊறிப்போன பட்டை திரும்பாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். பட்டையில் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

சைவம். அந்தப் பக்கம் வாத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறார்களே? (வாசகி, கும்பகோணம்)

அங்கே வாத்து இறைச்சியில் மட்டும் இல்லை, அடுப்பெண்ணெயிலும் இருக்கிறது. ‘சார்லா உருளைக்கிழங்கு’ என்று தட்டில் பூண்டு மணக்க வருவதைப் பார்த்தால் நம் வறுவல் மாதிரியே இருக்கும், ஆனால் வறுப்பது வாத்துக் கொழுப்பில். ‘சான் வியாந்த்’ என்றால் இறைச்சி வேண்டாம். அதோடு ‘சான் கிரேஸ் து கனார்’, வாத்துக் கொழுப்பும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கபேக்கூ என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸ், வால்நட், ரொட்டி, தக்காளி: சைக்கிள்காரருக்கு இதுவே நல்ல மதியம். சீஸ் உறைய வைப்பதில் விலங்குச் சத்து சேர்வதால் அதையும் தவிர்ப்பவர் என்றால் சந்தைக் காய்கறியும் சின்ன ஸ்டவ்வும்தான் வழி. அந்த ஸ்டவ்வின் எரிவாயுக் குடுவையை விமானத்தில் விடமாட்டார்கள், அங்கே வாங்க வேண்டும்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டேகாலுக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்களும் கிராமத்துக் கடைகள் பல மூடியிருக்கும், சனியன்றே வாங்கி வையுங்கள். குழாயில் ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாத தண்ணீர். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அநேகமாகக் குழாய் இருக்கும். நம்மவர்களுக்குத் தயக்கமாக இருக்கும்தான், அங்கே சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நிரப்புகிறார்கள்.

இங்கிலாந்து ராஜா பிரான்ஸில் எப்படி ஊர் கட்டினார்? (வாசகர், நாகர்கோவில்)

மோன்பாசியேயைக் கேட்கிறீர்கள். தென்மேற்குப் பிரான்ஸின் அக்கித்தேன் சீமைக்கு அன்று இங்கிலாந்து அரசரே பிரபு. அந்த உரிமையில் முதலாம் எட்வர்ட் 1284-இல் நிறுவிய ஊர் அது. நடுவில் வளைவு நடையோடு சதுக்கம், தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி. மூன்று வருடம் முன்னால் 1281-இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் பிலிப் தோமை நிறுவியிருந்தார். பாறை விளிம்புக்கு ஏற்ப வளைய வேண்டியிருந்ததால் அங்கே கட்டம் கோணலாகிவிட்டது.

முட்டி வலி. (வாசகர், சேலம்)

முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கியர் கனம். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அதிகம். ஒரு தடவைக்கு அரை செ.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

பை கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் அலைகிறது. (வாசகர், கண்டி)

எல்லாச் சுமையையும் பின் கேரியரில் ஏற்றியிருக்கிறீர்கள். தண்ணீர், கருவி, சாப்பாடு போன்ற கனமானவற்றை முன்னால் தாழ்வாகக் கட்டுங்கள். கேரியர் போல்ட்டுகளைத் தினமும் காலையில் 4 மி.மீ. அலன் கீயால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஒன்று தளர்ந்து விழுந்தால் மிச்சம் மூன்றில் ஒன்று ஒடியும், கேரியர் சாய்ந்து பை சக்கரத்துக்குள் போகும். இரண்டு உதிரி போல்ட்டைத் தண்ணீர்ப் பாட்டில் கூண்டின் திருகுத் துளைகளில் சும்மா முறுக்கி வைத்துவிட்டால் தேடவே வேண்டாம்.